செல்லுக்குள் ஓயாத கட்டுமானம்: வாசகர் கேள்வி-பதில்

செல்லுக்கும் எலும்புக்கூடு உண்டு என்று பாடத்தில் வருகிறது. அது நம் எலும்பு மாதிரி நிலையாக இருக்குமா?
(பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்)

இருக்காது, அதுதான் அதன் அழகே. ஆக்டின் என்ற புரதம் கோத்துக்கொண்டு 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகிறது. ஒரு முனையில் புதிதாகச் சேரும், மறுமுனையில் கழன்று விழும். சைகை வந்தால் எங்கே அதிகம் சேர வேண்டும் என்பது மாறும். பாக்டீரியா கசியவிடும் புரதத் துணுக்கு ரத்தத்தின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுமீது பட்டதும், அந்தப் பக்கம் ராக் என்ற புரதம் விழித்துக்கொள்ளும். பழைய இழையின் பக்கவாட்டில் சுமார் 70 டிகிரி சாய்வில் கிளைகள் முளைத்துச் சவ்வை முன்னே தள்ளும். பின்பக்கம் ரோ என்ற புரதம் செல்லைச் சுருக்கி இழுக்கும். இந்த ராக், ரோ இரண்டும் ஆக்டினை எப்படி ஆட்டுவிக்கின்றன என்பதை 1992-இல் லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் காட்டினார்கள்.

சர்க்கரைக்கு ஏன் நடக்கச் சொல்கிறார்கள்?
(அண்ணா நகர் வாசகர்)

தசைச் செல்லுக்குள் குளூட்4 என்ற குளுக்கோஸ் வாசல்கள் சின்னப் பைகளில் காத்திருக்கும். இன்சுலின் வந்து தொட்டால், ஆக்டின் வலை மாறிக் கொடுக்க, பைகள் சவ்வுக்கு வந்து சேரும். தசை சுருங்குவதும் தனியாக ஒரு சைகைதான். இன்சுலினுக்குச் சரியாக அசையாத தசையிலும் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்யும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

செங்காந்தள் கிழங்கு மருந்தா, விஷமா?
(வேளச்சேரி வாசகி)

கொடிய விஷம், வாயில் வைக்கவே கூடாது. அதிலுள்ள கோல்ச்சிசின், செல் எலும்புக்கூட்டின் இன்னொரு பகுதியான நுண்குழாய்களை வளரவிடாமல் தடுக்கும். டாக்டர் தரும் மிகச் சிறிய அளவில், வீங்கிய மூட்டுக்கு நியூட்ரோஃபில்கள் படையெடுப்பதை மட்டுப்படுத்தும். கௌட் என்ற மூட்டுவாதத்துக்கு அதைத் தருவது அதனால்தான். அளவு மீறினால் செல் பிரிவதே நின்று, குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிவாங்கும்.

இதையெல்லாம் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாமா?
(ஆசிரியர், தாம்பரம்)

இழை தெரியாது, அதன் வேலை தெரியும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியைக் கேளுங்கள். ஓர் இலையைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்து, விளக்கைப் போட்டு, 400 மடங்கில் சில நிமிடம் பொறுங்கள். பச்சை மணிகள் செல்லின் ஓரமாகச் சுற்றத் தொடங்கும். வெளிச்சம்தான் அங்கே சைகை. ஆக்டின் இழைமேல் நடக்கும் மயோசின் என்ற புரதம்தான் அந்த ஓட்டத்தை உண்டாக்குகிறது. நடுநரம்பை ஒட்டிய செல்களில் முதலில் தேடச் சொல்லுங்கள்.