உதட்டில் விழும் வளையம்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 22 வயது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பேண்டு செட்டில் நான்கு வருஷமாக ட்ரம்பெட் ஊதுகிறேன். டிசம்பர் பிறந்தாலே பயமாக இருக்கிறது. கிறிஸ்துமஸில் தொடங்கினால் சர்ச் பெருநாள், கோயில் திருவிழா, கல்யாணம் என்று சித்திரை வரை ஓட்டம்தான். மார்கழிக் காற்றில் உதடு வெடித்து ரத்தம் வருகிறது. மூன்றாவது மணி நேரத்தில் டோன் பிசிறடிக்கிறது, மேல் ஸ்தாயி எட்டுவதில்லை. எந்த லிப் பாம் நல்லது? மேல் ஸ்வரங்களுக்கு ஆழம் குறைந்த மவுத்பீஸ் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா? நீங்கள் பேண்டில் ஊதியவர் என்று முன்பு எழுதியிருந்ததைப் படித்ததால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

மவுத்பீஸ் இப்போது வாங்க வேண்டாம். லிப் பாம் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒன்று செய்யுங்கள். நாளை ஊதி முடித்ததும் கண்ணாடி பாருங்கள். உதட்டில் மவுத்பீஸ் விளிம்பின் வளையம் சிவப்பாகப் பதிந்திருக்கும். எல்லோருக்கும் கொஞ்சம் பதியும், சீக்கிரம் மறைந்துவிடும். அரை மணி நேரம் கழித்தும் பள்ளமாகவே நின்றால் உங்களுக்கு வியாதி உதட்டில் இல்லை, இடது கையில்.

எனக்கு அப்படித்தான் இருந்தது. வேலந்தாவளத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாலு மணி நேரம் ஊதிவிட்டு இறங்கியபோது மேலுதடு மரத்துப் போயிருந்தது. டீ குடித்தால் சூடு தெரியவில்லை. அடுத்த மூன்று வாரம் நடு ஸ்தாயிக்கு மேல் காற்று மட்டும்தான் வந்தது. எங்கள் மாஸ்டர் என்னை எதிரே உட்கார வைத்து ஊதச் சொன்னார். அவர் என் உதட்டைப் பார்க்கவே இல்லை. வால்வுப் பெட்டியைப் பிடித்திருந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ட்ரம்பெட்டை வாங்கி, விரித்த என் உள்ளங்கைமேல் படுக்க வைத்து, "இப்ப ஊது" என்றார். பிடிக்காமல் எப்படி அழுத்துவது? சத்தம் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் பிசிறே இல்லை.

நடப்பது இதுதான். ஆறரைக் கட்டைதான் நம் ட்ரம்பெட்டின் ஷட்ஜம். அதற்கு மேலுள்ள பஞ்சமத்தை ஊதும்போது உதடு நொடிக்குச் சுமார் 349 தடவை திறந்து மூடுகிறது. இத்தனை நுணுக்கமாக அதிர வேண்டிய சதையை உலோகத்துக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் ரத்த ஓட்டம் நின்று வீங்கும். வீங்கிய உதடு சரியாக மூடாது. அந்த இடைவெளியில் ஒழுகும் காற்றுதான் உங்கள் பிசிறு. அதைச் சரிசெய்ய இன்னும் அழுத்துவோம், இன்னும் வீங்கும். அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே இதிலிருந்து தப்பவில்லை. மேல் ஸ்வரங்களுக்காக அழுத்தி ஊதி 1930களில் உதடு கிழிந்து அவதிப்பட்டார். வாயைச் சுற்றியுள்ள வளையத் தசை கிழிவதற்கு 1982இல் ஒரு மருத்துவக் கட்டுரை அவருடைய செல்லப்பெயரையே வைத்தது: சாட்ச்மோ சிண்ட்ரோம்.

ஆகவே முதல் வேலை, வலது கைச் சுண்டுவிரலை, ட்ரம்பெட்டின் மேல் அதற்கென்று இருக்கும் கொக்கியிலிருந்து எடுத்து மேலே சும்மா வையுங்கள். அந்தக் கொக்கி இருப்பதால்தான் நம்மை அறியாமல் வாத்தியத்தை முகத்தை நோக்கி இழுக்கிறோம். வாத்தியத்தை ஒரே கையால் பிடிக்க வேண்டி வரும்போது மட்டும் கொக்கி போதும்.

டோனுக்குக் கார்வையை, அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பதை, விட்டால் வேறு மருந்து கிடையாது. போனில் சுருதிப் பெட்டியை ஆறரைக் கட்டையில் வையுங்கள். வால்வைத் தொடவே வேண்டாம். தொடாமலே ச, ப, மேல் ச, அதற்கு மேல் க, ப எல்லாம் அந்தக் குழாயிலேயே இருக்கின்றன. பஞ்சமத்தை, பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல மெதுவாகத் தொடங்கி, எட்டு எண்ணும்வரை வளர்த்து, எட்டு எண்ணும்வரை இறக்குங்கள். சுருதியோடு சேராதபோது காதில் ஓர் அலை அடிக்கும். அது அடங்கும் இடத்தில் நில்லுங்கள். பல்லைக் கடிக்காதீர்கள், வாய்க்குள் "ஓ" சொல்லும் இடம் இருக்கட்டும். அப்புறம் நாக்கால் தட்டாமல் ச-விலிருந்து ப, ப-விலிருந்து மேல் ச என்று மூச்சிலேயே வழுக்கி ஏறி இறங்குங்கள். எவ்வளவு நேரம் ஊதுகிறீர்களோ அவ்வளவு நேரம் ட்ரம்பெட்டை மடியில் வைத்திருங்கள். இந்த ஓய்வை யாரும் எடுப்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

மார்கழி விடியற்காலை ஊர்வலங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. குளிர்ந்த வாத்தியம் சுருதி இறங்கித்தான் ஒலிக்கும். நாம் உதட்டை இறுக்கி ஏற்றப் பார்ப்போம். சுருதி சேர்க்க நகர்த்தும் குழாயை, அதாவது ட்யூனிங் ஸ்லைடை, கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். வெயில் ஏறியதும் வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

சரி, உதடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் கிழக்குக் காற்று பனையோலையையே கலகலவென்று உலர்த்துகிறது, உதடு எம்மாத்திரம்? காய்ந்தால் நக்காதீர்கள். எச்சில் உலரும்போது இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோய்விடும். தோலைப் பல்லால் உரிக்காதீர்கள். தண்ணீர் பாட்டில் தோளில் தொங்கட்டும். இரவில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ மெல்லிசாகத் தடவுங்கள், இரண்டில் எதுவும் சரி. ஊதும் முன் துடைத்துவிடுங்கள், வழுக்கினால் மறுபடி அழுத்தத்தான் தோன்றும். ஜில்லென்று எரியும் மெந்தால், கற்பூரம் கலந்தவை வெடித்த உதட்டுக்கு ஆகாது. பகல் ஊர்வலமென்றால் வெயில் தடுப்பு உள்ள லிப் பாம் போடுங்கள். சுண்ணாம்போடு வெற்றிலை போடும் பழக்கம் செட்டில் இருந்தால் நீங்கள் அதில் சேர வேண்டாம்.

நிகழ்ச்சி முடிந்ததும் குதிரை செய்வதுபோல உதட்டைத் தளர்த்திப் படபடவென்று காற்று விடுங்கள், ரத்தம் திரும்பும். வீக்கம் இருந்தால் குளிர்ந்த ஈரத்துணி. மறுநாள் காலை கீழ் ஸ்தாயியில் மட்டும், மெதுவாக. ரத்தம் கசியும் வெடிப்போடு மட்டும் ஊதவே ஊதாதீர்கள், முதலாளி என்ன சொன்னாலும் சரி. ஓய்வெடுத்தும் வாரக்கணக்கில் பலம் திரும்பாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மவுத்பீஸ் விஷயம். 7சி என்ற நடுத்தர அளவு வைத்திருந்தால் அதுவே போதும். ஆழம் குறைந்த கிண்ணம் ஒலியைக் கூர்மையாக்கும், மேலே போவதைச் சற்று சுலபமாக்கும், ஆனால் டோன் மெலியும். அழுத்தும் கைக்கு அதுவும் ஒரு மாதத்தில் பழகிப் பழைய கதைதான். விளிம்பில் வெள்ளிப் பூச்சு தேய்ந்து மஞ்சள் பித்தளை தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள், அது உதட்டை உறுத்திப் புண்ணாக்கும். வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். அதை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். செட்டுகளில் ஒரே மவுத்பீஸ் கைமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உதட்டோரத்தில் கொத்தாக வரும் நீர்க்கொப்புளம் பெரும்பாலும் வெறும் சூடு இல்லை, ஹெர்பிஸ் வைரஸ். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும், உடம்பை விட்டுப் போகாது, வெயிலில் திரும்பத் திரும்ப வரும். வந்தால் ஆறும்வரை ஊதாமல் இருங்கள்.

இரண்டு வாரம் கொக்கியைத் தொடாமல் ஊதிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், வளையம் எத்தனை நிமிஷத்தில் மறைகிறது என்று.