பழைய கேள்வித்தாள் எல்லாம் போட்டாச்சு, ஆனா கேள்விய லேசா மாத்தினா பசங்க முழிக்கிறாங்களே?

கேள்வி: நான் சயின்ஸ் டீச்சர். பெரிய கிளாஸ் பசங்களுக்கு பத்து வருஷ கேள்வித்தாள வரிசையா போட வைக்கிறேன், ஆன்சர் கீயும் கூடவே குடுத்துடுறேன். கிளாஸ்ல எல்லாரும் நல்லாத்தான் பண்றாங்க. டெஸ்ட்ல அதே கேள்வி கொஞ்சம் மாறி வந்தா அப்படியே நின்னுடறாங்க. பழைய கேள்வி குடுக்கறதையே நிறுத்திடலாமா, இல்ல வேற மாதிரி குடுக்கணுமா?

பதில்: நிறுத்தாதீங்க. சிக்கல் கேள்வித்தாள்ல இல்ல, கூடவே குடுக்கற அந்த ஆன்சர் கீயில இருக்கு. பதில் பக்கத்துலயே இருந்தா பசங்க செய்யறது பரீட்சை இல்ல, வாசிப்பு. கண்ணு பதில் மேல ஓடும், "ஆமா இது எனக்கு தெரியும்"னு தோணும், அடுத்த கேள்விக்கு போயிடுவாங்க, டெஸ்ட்ல பேப்பர் முன்னாடி உக்காந்தா ஒண்ணும் வராது. 2006-ல ரோடிகர், கார்பிக்கினு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள வச்சு இதத்தான் சோதிச்சாங்க. ஒரு பகுதிய ரெண்டு தடவ படிக்கறது, இல்ல ஒரு தடவ படிச்சிட்டு பாக்காம நினைவுல இருந்து எழுதிப் பாக்கறது, இதுல எது நிக்குதுன்னு. அஞ்சே நிமிஷத்துல டெஸ்ட் வச்சப்போ ரெண்டு தடவ படிச்சதுதான் ஜெயிச்சுது, 81 சதவீதம், எழுதிப் பாத்தது 75. ஒரு வாரம் கழிச்சு வச்சப்போ அப்படியே தலைகீழ், படிச்சது 42, எழுதிப் பாத்தது 56. உங்க கிளாஸ்ல "நல்லா பண்றாங்க"ன்னு நீங்க பாக்கறது அந்த அஞ்சு நிமிஷ மார்க்கா இருக்கலாம்.

அதனால மொதல்ல கீய வாங்கி வச்சுக்கோங்க. புத்தகம், நோட்டு எல்லாம் மூடி வச்சு எழுதட்டும், அரைகுறையா எழுதினாலும் பரவாயில்ல, எழுதி முடிச்ச பிறகு கீ குடுங்க. ஆனா அந்த 'பிறகு'வ ரொம்ப தள்ளிப் போடாதீங்க, தப்பா எழுதினது திருத்தாமலே கெடந்தா அந்த தப்பே மனசுல பதிஞ்சிடும்.

அடுத்தது கலந்து குடுக்கறது. பாடவாரியா பிரிச்ச கேள்வித் தொகுப்பு எல்லார் கையிலயும் இருக்கு, 'ஓம் விதி'ன்னு மேல தலைப்பே போட்டிருந்தா எந்த பார்முலான்னு யோசிக்க வேண்டிய வேலையே மிச்சம், நம்பர போட்டா விடை. பரீட்சையில அந்த தலைப்ப யாரும் எழுதித் தர மாட்டாங்க. 2007-ல ரோரர், டெய்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கன அளவு கண்டுபிடிக்கற கணக்குகள ஒரு குரூப்புக்கு வகை வகையா பிரிச்சும் இன்னொரு குரூப்புக்கு கலந்தும் குடுத்தாங்க. பயிற்சி நேரத்துல பிரிச்சு செஞ்சவங்க 89 சதவீதம், கலந்து செஞ்சவங்க வெறும் 60. ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட்ல பிரிச்சு செஞ்சவங்க 20, கலந்து செஞ்சவங்க 63. பாடம் நடத்தின புதுசுல நாலஞ்சு கேள்வி அந்த பாடத்துலயே போடட்டும், தப்பில்ல, ஆனா அதுக்கப்புறம் மூணு நாலு பாடத்த கலந்துதான் குடுக்கணும். மார்க் குறையும், பசங்க முனகுவாங்க, பேரன்ட்ஸ் கூட கேப்பாங்க, கண்டுக்காதீங்க.

இப்போ உங்க முக்கியமான கேள்விக்கு வரேன், மாத்தினா முழிக்கறது. ஒரு பழைய கேள்விய ஒரு தடவ போட்டு விட்டுடாம அத நாலு விதமா மாத்திப் போடுங்க. கெமிஸ்ட்ரில ஒண்ணு எடுத்துக்கலாம். 4 கிராம் ஹைட்ரஜன் 32 கிராம் ஆக்சிஜனோட முழுசா வினைபுரிஞ்சா எவ்வளவு தண்ணி கிடைக்கும்? 36 கிராம், ரெண்டையும் கூட்டினாலே வந்துடுது, அதனால ஒண்ணுமே புரியாத பையனும் சரியா எழுதிடுவான். அதையே 4 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன்னு மாத்துங்க. கூட்டிப் பழகினவன் 20னு எழுதுவான். மோல் கணக்கு தெரிஞ்சவன் ஆக்சிஜன் அரை மோல்தான் இருக்கு (32 கிராம்னா ஒரு மோல்), அதுக்கு 2 கிராம் ஹைட்ரஜன் போதும், தண்ணி 18 கிராம், 2 கிராம் ஹைட்ரஜன் மிச்சம்னு எழுதுவான். ஒரே ஒரு நம்பர மாத்தினதுல யாருக்கு புரிஞ்சிருக்கு, யாருக்கு இல்லன்னு தெரிஞ்சு போச்சு பாருங்க. இன்னும் ஒரு படி போய் தலைகீழா கேளுங்க: 18 கிராம் தண்ணி கிடைச்சு 2 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சியிருக்கு, ஆரம்பத்துல என்னென்ன எவ்வளவு இருந்துச்சு?

பிசிக்ஸ்ல நேரா மேல எறிஞ்ச பந்து எவ்வளவு உயரம் போகும்னு கேட்டா எல்லாரும் போட்டுடுவாங்க. பந்து பாதி உயரத்துல மேல போயிட்டு இருக்கறப்போ அது மேல என்னென்ன விசை இருக்கு, காத்த கணக்குல எடுக்காத, அப்படின்னு கேளுங்க. நல்லா படிக்கற பசங்கள்லயே நிறைய பேர் மேல் நோக்கி ஒரு அம்பு வரைவாங்க. ஈர்ப்பு விசை மட்டும்தான் இருக்கும், அதுவும் கீழ் நோக்கி. கணக்கு வரும் கருத்து வராதுங்கறது இதுதான், இத கண்டுபிடிக்க பழைய கேள்விய விட வசதியான சாமான் கிடையாது. பயாலஜின்னா உருளைக்கிழங்கு துண்ட உப்புக் கரைசல்ல போடற சவ்வூடுபரவல் கேள்விய எடுத்து, வரையறைய கேக்காம எடை மாறின டேபிள குடுத்து, எந்த செறிவுல எடை மாறாம இருக்கும், ஏன்னு கேளுங்க. நாலு கேள்வி போட்ட பிறகு மாத்தற வேலைய பசங்க கிட்டயே விட்டுடலாம், கேள்விய மாத்தத் தெரிஞ்சவனுக்கு அந்த கேள்வியில எது முக்கியம்னு தெரிஞ்சிருக்கும்.

தப்புகள பத்தி. "12 தப்பு"ன்னு எண்ணி வச்சு பிரயோஜனம் இல்ல. ஒவ்வொரு தப்பு பக்கத்துலயும் காரணத்த எழுத வைங்க: பாடமே தெரியல, பாடம் தெரியும் ஆனா இந்த கேள்விக்கு அதுதான்னு தோணல, கேள்விய சரியா படிக்கல, கணக்குலயோ அலகுலயோ கோட்டை விட்டாச்சு. மொதல் வகைக்கு புத்தகத்துக்கு திரும்பணும், ரெண்டாவதுக்கு கலந்த கேள்விதான் மருந்து, கடைசி ரெண்டுக்கு மறுபடி படிக்க வைக்கறது வீண், எழுதற பழக்கத்த மாத்தணும். இத பிரிச்சு பாக்காமத்தான் எல்லாருக்கும் "இன்னும் நல்லா படி"ன்னு ஒரே அட்வைஸ் போகுது. ஒரு மார்க் கேள்வியா இருந்தா தேர்ந்தெடுத்த விடை ஏன் சரின்னு மட்டும் இல்லாம மத்த மூணும் ஏன் தப்புன்னும் சொல்லச் சொல்லுங்க, அந்த தப்பான ஆப்ஷன் எல்லாம் பசங்க வழக்கமா பண்ற தப்புல இருந்துதான் எடுத்திருப்பாங்க.

மார்க் எப்படி பிரிச்சு போடறாங்கங்கற திட்டம் கிடைச்சா அது கேள்வித்தாள விட பெரிய பொக்கிஷம். 'விவரி'ன்னா என்ன நடக்குதுன்னு சொன்னா போதும், 'விளக்கு'ன்னா ஏன்னு காரணம் வரணும். உருளைக்கிழங்கு எடை குறைஞ்சுதுன்னு மட்டும் எழுதிட்டு மூணு மார்க் எதிர்பாக்கறவங்கதான் நிறைய. பசங்கள மாத்தி மாத்தி அடுத்தவங்க பேப்பர திருத்த விடுங்க, எங்க மார்க் விழுது எங்க விழலன்னு அவங்களுக்கே பிடிபடும்.

சில சின்ன விஷயங்கள். சிலபஸ் மாறியிருந்தா இப்போ சிலபஸ்ல இல்லாத பாடக் கேள்விகள பழைய பேப்பர்ல முன்னாடியே அடிச்சு விடுங்க, புதுசா சேந்த பாடத்துக்கு பழைய கேள்வியே இருக்காதுங்கறதால அதுக்கு நீங்கதான் கேள்வி எழுதணும். சுத்துல வர்ற ஆன்சர் கீ எல்லாத்தையும் நம்ப வேணாம், குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ போட்டுப் பாத்துடுங்க. போன வருஷம் வந்த கேள்வி இந்த வருஷம் வராதுன்னு கணக்கு போட்டு பாடத்த விடற விளையாட்டுல எனக்கு சுத்தமா நம்பிக்கை இல்ல. தப்பு போன கேள்விகள ஒரு வாரம் கழிச்சும், பிறகு மூணு வாரம் கழிச்சும் நம்பர மாத்தி திரும்ப குடுங்க.

கடைசியா வந்த ரெண்டு மூணு வருஷ பேப்பர மட்டும் தொடாம எடுத்து வைங்க, கிளாஸ்ல பேசக்கூட வேணாம். பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கறப்போ முழு நேரம் வச்சு அத எழுத வைங்க. 90 மார்க்குக்கு 180 நிமிஷம்னா மார்க்குக்கு ரெண்டு நிமிஷம், ஒரு மூணு மார்க் கேள்வியில பத்து நிமிஷம் உக்காந்துட்டா வேற எங்கயோ ரெண்டு மார்க் போச்சுன்னு அப்பதான் உறைக்கும். பரீட்சைக்கு முந்தின ரெண்டு நாள் முழு பேப்பர் குடுக்காதீங்க, பழைய தப்பு நோட்ட புரட்டிப் பாத்தா போதும்.