முட்டிச் சில்லு விலகல்: எந்த நாண் வைத்துக் கட்டினால் நல்லது?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. வலது முட்டிச் சில்லு மூன்று முறை வெளிப்பக்கம் விலகிவிட்டது. ஒரு டாக்டர் பின்தொடை நாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) எடுத்து ஜவ்வு கட்டலாம் என்கிறார். இன்னொருவர் முன்தொடை நாண் என்கிறார். ஆஸ்பத்திரியில் பேக்கேஜ் பேசுபவரோ, 'இறந்தவர் உடலிலிருந்து எடுத்த இம்போர்ட்டட் நாண்தான் உறுதி, பிள்ளை காலில் கத்தியே படாது' என்கிறார். எதை நம்புவது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, இரண்டு டாக்டர்கள் சொன்னதிலும் தவறில்லை. சில்லை உள்பக்கம் பிடித்து நிறுத்தும் ஜவ்வு இயல்பிலேயே மெல்லியது. சுமார் 20 கிலோ இழுவையில் அறுந்துவிடும். பின்தொடை நாண் என்று எடுக்கும் கிராசிலிஸ் நாண் அதைவிட நல்ல உறுதி. முன்தொடை நாணில் ஒரு பட்டையை உரித்து, சில்லோடு ஒட்டியபடியே திருப்பிக் கட்டினால் சில்லில் துளை போடும் வேலை மிச்சம். பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் டாக்டருக்குக் கை பழகியது எதுவோ அதைச் செய்யட்டும்.

ஆபரேஷன் கெடுவது பெரும்பாலும் வேறு இடத்தில். தொடை எலும்பில் போடும் துளை சில மில்லிமீட்டர் மேலே ஏறிவிட்டாலே, காலை மடக்கும்போது நாண் விறைத்துக்கொள்ளும். துளையின் இடத்தை, ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் போடுவார்களா என்று கேளுங்கள். அடுத்தது எலும்பின் அமைப்பு. சில்லு ஓடும் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கலாம். சில்லின் நாண் போய் ஒட்டும் கீழ்க்கால் எலும்பின் மேடு வெளிப்பக்கம் தள்ளியிருக்கலாம். ஸ்கேனில் அந்தப் பள்ளத்திலிருந்து மேடு தள்ளியிருக்கும் தூரம் 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் மேட்டை நகர்த்துவது பற்றியும் பேச வேண்டும். இந்த அளவுகளை எடுக்காமலே தேதி குறித்துவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் மாறுவதாக இல்லை.

பேக்கேஜ் பேசுபவரின் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். எந்த நாண் வைத்தாலும் முட்டியில் கத்தி படத்தான் செய்யும். பிறர் நாண் வைத்தால் மிச்சமாவது, நாண் எடுக்கும் சின்ன வெட்டு ஒன்றுதான். அதற்காகக் கூடுதல் பணம் எதற்கு? எந்த நாண் என்பதை டாக்டர் வாயால் கேளுங்கள், விற்பவர் வாயால் அல்ல.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் மகளின் கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடுகிறதா? கையை நீட்டினால் முழங்கை பின்பக்கம் வளைகிறதா? நிற்கும்போது முட்டி பின்னால் போகிறதா? அப்படியானால் அவளுக்கு உடம்பிலுள்ள ஜவ்வு, நாண் எல்லாமே தளர்வான வகையாக இருக்கலாம். அவளிடமிருந்தே எடுக்கும் நாணும் நாளாக ஆகத் தளரக்கூடும். இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் பிறர் நாண் யோசிக்கத் தக்கது. அதையும் பதிவுபெற்ற திசு வங்கியிலிருந்து, ரசீதோடு வாங்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், மிஷின் எதுவும் வேண்டாம். ஆனாலும் செய்பவர்கள் குறைவு. நீங்களே வீட்டில் பார்த்து, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும், உள்ளே வைத்த திருகு, ஆங்கர் (நாணை எலும்பில் பிடித்து வைக்கும் சின்ன ஆணி) ஒவ்வொன்றின் ஸ்டிக்கரும் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கும். அதற்கு ஒரு நகல் கேட்டு வாங்கி, பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.