ஆர்கேட் ரேஸ் கேம்களில் டிரிஃப்ட் சரியாக வர எந்தக் கண்ட்ரோலர் வாங்கலாம்?

கீபோர்டில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஆடுகிறீர்கள். வளைவில் ஒன்று, கார் தண்டவாளத்தில் போவதுபோல் போகிறது, இல்லையென்றால் பம்பரமாகச் சுற்றி நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டிக் (கட்டைவிரலால் காரைத் திருப்பும் குச்சி) நன்றாக உள்ள கண்ட்ரோலர் எது, பேசாமல் ஸ்டீயரிங் வீலே வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

ஸ்டிக்கைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் பார்க்க வேண்டியது டிரிகரை, அதாவது ஆள்காட்டி விரலால் இழுக்கும் பட்டனை. ரேஸ் கேமில் வலது டிரிகர்தான் ஆக்ஸிலரேட்டர். டிரிஃப்ட், அதாவது காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டே வளைவைக் கடப்பது, இடது கட்டைவிரலின் வேலை என்றுதான் நானும் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். வலது ஆள்காட்டி விரல்தான் அதைச் செய்கிறது என்று புரிவதற்கு எனக்கு ஒரு தண்டச் செலவு தேவைப்பட்டது.

ஃபோர்ஸா ஹொரைசன் 4 ஆடத் தொடங்கிய காலத்தில், சென்னை ரிச்சி தெருவில் ஒரு பெயரில்லாத யூஎஸ்பி பேட் வாங்கினேன். பார்க்க எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்குத் தம்பி மாதிரி இருந்தது. "எல்லா கேமும் ஓடும் தம்பி" என்றார் கடைக்காரர். கேமுக்கு அந்தப் பேட் இருப்பதே தெரியவில்லை. எக்ஸ்360சிஇ என்ற சின்ன மென்பொருளைப் போட்டு, அதை எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் என்று கேமை நம்ப வைத்தேன். ஓடியது. ஆனால் மூன்று மாதம் கழித்தும் ஒரு டிரிஃப்ட் ஸோனில் (டிரிஃப்டுக்குப் புள்ளி தரும் சாலைப் பகுதி) மூன்று நட்சத்திரம் வாங்க முடியவில்லை. எனக்குக் கை வராது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அத்தை மகன் ஊருக்கு வந்தபோது ஒரு பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரைக் கொண்டுவந்தான். அதே கார், அதே வளைவு. பத்து நிமிடத்தில் கார் பக்கவாட்டில் நின்றது, நின்றபடியே போனது. என்னுடைய பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதில் இருந்தது டிரிகர் வடிவத்தில் ஒரு சுவிட்ச். அழுத்தினால் முழு ஆக்ஸிலரேட்டர், விட்டால் பூஜ்யம். மென்பொருள் வேஷம் கட்டிவிடலாம், இல்லாத பாதி அழுத்தத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

உங்கள் கீபோர்டில் நடப்பதும் இதேதான். டயருக்கு இருக்கும் பிடி ஓர் அளவுதான். காரை முன்னே தள்ளவும், பக்கவாட்டில் வழுக்காமல் இருக்கவும் அந்த ஒரே பிடியைத்தான் அது பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்துக்கு அளவுக்கு மீறி சக்தி கொடுத்தால் பக்கவாட்டுக்கு மிச்சம் இருக்காது, பின்பக்கம் வழுக்கும். அதுதான் டிரிஃப்ட். தொடர்ந்து முழுதாக அழுத்தினால் பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு வந்து கார் சுற்றிவிடும். சட்டென்று விட்டால் டயர் மறுபடி பிடித்துக்கொண்டு காரை எதிர்ப்பக்கம் வீசும். வழுக்குகிற காரை வழுக்கிக்கொண்டே இருக்க வைப்பது பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் விரல் செய்கிற சின்னச் சின்ன மாற்றங்கள். கீபோர்டில் ஆக்ஸிலரேட்டரான டபிள்யூ கீயைத் தட்டித் தட்டி அதை ஒப்பேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. என்னால் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா ஆர்கேட் கேமும் இப்படி இல்லை. மரியோ கார்ட் 8 டீலக்ஸில் டிரிஃப்ட் என்பது ஒரு பட்டன். குதித்து, திருப்பி, பிடித்துக்கொண்டால் நீலம், ஆரஞ்சு, ஊதா என்று பொறி பறக்கும், விட்டால் பூஸ்ட். அதனால்தான் அந்தக் கேம் ஓடும் நின்டெண்டோ ஸ்விட்ச் கண்ட்ரோலர்களின் டிரிகர் வெறும் ஆன் ஆஃப் பட்டனாக இருந்தும் அங்கே யாருக்கும் குறை தெரிவதில்லை. மொபைலில் ஆஸ்ஃபால்ட்டும் அப்படித்தான், பிரேக்கைத் தொட்டால் கேமே வழுக்கிக்கொடுக்கும். நீட் ஃபார் ஸ்பீட் ஹீட்டில் வளைவில் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை விட்டு அழுத்தினால் டிரிஃப்ட் தொடங்கிவிடும். இவற்றை மட்டும் ஆடுகிறவர் என்றால், வீட்டில் இருக்கிற எந்தப் பேடையும் வைத்து ஆடுங்கள், காசை மிச்சம் பிடியுங்கள். ஃபோர்ஸா ஹொரைசன், ஆர்ட் ஆஃப் ராலி மாதிரி ஆர்கேட் என்று சொல்லிக்கொண்டே உள்ளே டயர் கணக்கு போடுகிற கேம்களில்தான் கண்ட்ரோலர் வித்தியாசம் காட்டும்.

இந்தப் பிரச்சினை பழையது. ரிட்ஜ் ரேசர் என்ற ரேஸ் கேம் 1993ல் ஆர்கேடில் (காசு போட்டு ஆடும் இயந்திரத்தில்) வந்தபோது அதற்கு ஸ்டீயரிங்கும் பெடலும் இருந்தன. 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷனோடு அது வீட்டுக்கு வந்தபோது கையில் கிடைத்தது வெறும் திசை பட்டன்கள் உள்ள பேட். ஸ்டிக்கும் கிடையாது, டிரிகரும் கிடையாது. கேமைச் செய்த நாம்கோவே 1995ல் நெக்கான் என்று ஒரு விசித்திரமான கண்ட்ரோலரை விற்றது. நடுவில் மூட்டு வைத்து, இரண்டு பாதியையும் ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினால் அது ஸ்டீயரிங். அதோடு நிற்காமல் ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அறிகிற பட்டன்களை வைத்தார்கள். நான் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், கையில் பிடிக்க இன்றைக்கும் ஆசை. முறுக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது; அந்தப் பட்டன்களை யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ பெரிய விஷயம் அவைதான்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? டிரிகரை மெதுவாக, ரொம்ப மெதுவாக உள்ளே தள்ளுங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் அது சுவிட்ச், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சத்தமில்லாமல், ஒரே சீரான எதிர்ப்போடு உள்ளே போக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிரவுசரில் கேம்பேட் சோதிக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து, டிரிகரின் எண் 0லிருந்து 1 வரை படிப்படியாக ஏறுகிறதா என்று பாருங்கள். தாவினால் திருப்பிக் கொடுங்கள். விண்டோஸின் பழைய கேம் கண்ட்ரோலர் பெட்டியில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது எக்ஸ்பாக்ஸ் வகைப் பேடின் இரண்டு டிரிகரையும் ஒரே அச்சில் போட்டுக் காட்டும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை ஒன்று கழித்து நடுவில் நிற்கும். பேட் பழுது என்று நானே ஒருமுறை சண்டைக்குப் போகப் பார்த்தேன்.

விலை உயர்ந்த கண்ட்ரோலர்கள் சிலவற்றில் டிரிகர் ஸ்டாப் என்று ஒரு வசதியைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். டிரிகரின் பயணத்தைப் பாதியிலேயே வெட்டி, தொட்டதும் சுடுகிற மாதிரி ஆக்கும் பூட்டு அது. துப்பாக்கி கேமுக்கு நல்லது. டிரிஃப்டுக்கு அதைத் திறந்துவிட்டு ஆடுங்கள். இல்லையென்றால் நான் ரிச்சி தெருவில் வாங்கியதை நீங்கள் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியதாக ஆகும்.

இனி ஸ்டிக். சாதாரண ஸ்டிக்குக்குள் பொட்டன்ஷியோமீட்டர் இருக்கிறது. கார்பன் பூசிய தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் தேயும், தூசி சேரும், ஒரு நாள் கையை எடுத்த பிறகும் ஸ்டிக் லேசாக இடதுபக்கம் சாய்ந்திருப்பதாகச் சொல்லும். இதற்கும் டிரிஃப்ட் என்றுதான் பெயர், வேடிக்கையைப் பாருங்கள். நாம் தேடுவது காரின் டிரிஃப்ட், வந்து சேர்வது ஸ்டிக்கின் டிரிஃப்ட். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசல் இல்லை, காந்தம் நகர்வதை சென்சார் தொடாமலே அறியும். டிஎம்ஆர் என்று இப்போது வருவதும் காந்த முறைதான். 1998ல் வந்த சேகாவின் ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே ஸ்டிக்குக்கும் டிரிகருக்கும் ஹால் சென்சார் இருந்தது. புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விளம்பரம் செய்வதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

ஹால் ஸ்டிக் இருந்தால் டிரிஃப்ட் தானாக நன்றாக வந்துவிடாது. அது உதவுவது வேறு வழியில். டிரிஃப்டின்போது கட்டைவிரல் ஸ்டிக்கின் நடுப்புள்ளியை ஓயாமல் கடந்துகொண்டே இருக்கும்: வளைவை நோக்கி ஒரு தள்ளு, உடனே எதிர்ப்பக்கம், மறுபடி கொஞ்சம் உள்ளே. நடுவில் கேம் கண்டுகொள்ளாத பகுதிக்கு டெட் ஸோன் என்று பெயர். அது பெரிதாக இருந்தால், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு கணம் சக்கரம் நேராகவே நிற்கும், அதற்குள் கார் கைவிட்டுப் போயிருக்கும். எக்ஸ்பாக்ஸ் வகைக் கண்ட்ரோலர்களுக்காக மைக்ரோசாஃப்ட் கேம் எழுதுவோருக்குக் கொடுத்திருக்கும் மாதிரி அளவு, இடது ஸ்டிக்குக்கு 32,767ல் 7,849. கிட்டத்தட்ட கால்வாசி! தேய்ந்த ஸ்டிக்கையும் சமாளிக்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு தாராளம். தேயாத ஸ்டிக் இருந்தால் அந்த அளவைக் கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிடலாம், லாபம் அங்கேதான். முன்பு நான் வைத்திருந்த ஒரு பேட் சாயத் தொடங்கியபோது டெட் ஸோனை 20க்கு ஏற்றினேன். நேர்ச்சாலையில் கார் ஒழுங்காகப் போனது, டிரிஃப்ட் மட்டும் செத்துப்போனது.

ஆகவே ஃபோர்ஸாவின் அட்வான்ஸ்டு கண்ட்ரோல் பக்கத்தில் ஸ்டீயரிங்கின் உள் டெட் ஸோனை 0 ஆக்கி, கையை எடுத்தால் கார் நேராகப் போகும்வரை மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். வெளி டெட் ஸோன், அதாவது முழுத் திருப்பமாகக் கணக்காகும் எல்லை, 100. ஆக்ஸிலரேட்டருக்கும் உள்ளே 0, வெளியே 100 வையுங்கள், டிரிகரின் முழு நீளமும் உங்களுக்கு வேலை செய்ய வேண்டும். லீனியாரிட்டி (ஸ்டிக் அசைவுக்கும் கார் திரும்புவதற்கும் உள்ள விகிதம்) 50ல் இருக்கும், அதைத் தொடாதீர்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (கார் வழுக்காமல் கேமே தடுக்கும் உதவிகள்) இரண்டையும் அணைக்காமல் கண்ட்ரோலரைக் குறை சொல்லக் கூடாது. கார் பின்சக்கர ஓட்டமாக இருக்கட்டும்.

பட்டன் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டோமேட்டிக் கியரில் ஆடினால் டிரிஃப்டின் நடுவில் கேம் கியரை ஏற்றிவிடும், சக்கரம் சுற்றுவது குறையும், கார் பிடித்துக்கொள்ளும். மேனுவலுக்கு மாறினால், கியர் ஏற்ற பி, இறக்க எக்ஸ், ஹேண்ட்பிரேக்குக்கு ஏ என்று மூன்றும் ஒரே வலது கட்டைவிரலின் தலையில் விழும். பின்பக்கமோ தோள்பக்கமோ (டிரிகரை ஒட்டிய மேல் விளிம்பு) கூடுதலாக இரண்டு பட்டன் உள்ள கண்ட்ரோலர் இங்கே நிஜமாகவே உதவும். நான் ஹேண்ட்பிரேக்கை அங்கே மாற்றிவைத்திருக்கிறேன்.

வீல் வேண்டாம். லாஜிடெக் ஜி29 மாதிரி வீல்கள் 900 பாகை சுற்றும், இரண்டரைச் சுற்று. டிரிஃப்டில் கட்டைவிரல் கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறது. வீலில் அதே வேலைக்குக் கை பின்னிக்கொள்ளும். சுழற்சியைக் குறைத்து வைக்கலாம்தான். ஆனால் மேசை, இடம், பெடல் நழுவாமல் இருக்க ஒரு ஏற்பாடு என்று செலவும் தொல்லையும் வளர்ந்துகொண்டே போகும். உண்மையான ஓட்டத்தை ஒட்டி எழுதிய சிமுலேட்டர்கள் ஆடும் எண்ணம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவது என்று கேட்டால், கம்பி இருந்தால் பரவாயில்லை என்பவருக்கு கேம்சர் ஜி7 எஸ்இ. ஸ்டிக், டிரிகர் இரண்டுமே ஹால், பின்னால் இரண்டு பட்டன், எக்ஸ்பாக்ஸிலும் பிசியிலும் ஓடும். கம்பியில்லாமல் பிசிக்கு மட்டும் என்றால் 8பிட்டோ அல்டிமேட் 2சி. அதிலும் இரண்டும் ஹால், கூடுதல் பட்டன் இரண்டும் தோள்பக்கம் இருக்கின்றன. புளூடூத்தை விட்டு, கூட வரும், கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்பாக்ஸின் சொந்தக் கண்ட்ரோலரில் ஸ்டிக் பழைய உரசல் முறைதான், ஆனால் டிரிகருக்குள்ளேயே அதிர்வு மோட்டார் இருக்கிறது. பின்சக்கரம் பிடி இழக்கும்போது வலது விரலிலேயே அது சொல்லிவிடும். ஃபோர்ஸா வரிசை 2013லிருந்து இதைப் பயன்படுத்துகிறது. நீங்கள் ஃபோர்ஸா மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் நான் இதையே எடுப்பேன், ஸ்டிக் தேயும்போது தேயட்டும்.

கண்ட்ரோலர் வந்ததும் வளைவுக்குப் போகாதீர்கள். வெட்டவெளியில் இரண்டாவது கியரில் வட்டம் போடுங்கள். ஹேண்ட்பிரேக்கைத் தட்டிப் பின்பக்கத்தை வழுக்கவிட்டு, ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடித்து, அதை அசைக்காமல் டிரிகரை மட்டும் வைத்து வட்டத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் பாருங்கள். எனக்கு மூன்று சுற்று உடையாமல் வர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.