வரைபடத் தரவு, உள்ளூராட்சி மன்றம், பல்கலைக்கழக வளாகம்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சபை உத்தியோகத்தர்கள், மாணவர்கள், ஊர் அமைப்பினர் ஆகியோர் அனுப்பிய கேள்விகளுள் சில இங்கே இடம்பெறுகின்றன. உள்ளூராட்சி மன்றங்களில் வரைபடப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்ட ஒருவர் பதிலளிக்கின்றார்.

கேள்வி (தொழினுட்ப உத்தியோகத்தர், படுவான்கரை): எமது பிரதேச சபையிடம் தெருவிளக்குகளின் பட்டியல் ஒன்று கொப்பியில் உள்ளது. மென்பொருள் வாங்கப் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: அந்தக் கொப்பியிலிருந்தே தொடங்குங்கள். கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் இலவசமானது, சபையொன்றின் தேவைக்குப் போதுமானது. அடித்தளமாக வீதிகளும் கட்டடங்களும் வேண்டுமானால், 2004 இல் தொடங்கப்பட்ட, எவரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து பதிவிறக்கலாம். 2012-13 காலப்பகுதியில் மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் ஏறத்தாழ முப்பதாயிரம் கட்டடங்கள் இரண்டே மாதங்களில் அதில் ஏற்றப்பட்டன. உலக வங்கியும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் துணைநின்ற அப்பணி, எமது மாவட்டத்திலேயே இது இயலும் என்பதற்குச் சான்றாக இருக்கின்றது.

இனி விளக்குக் கம்பங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் எழுதியிருக்கும் இலக்கம், விளக்கின் வகை, எரிகின்றதா இல்லையா, பார்த்த திகதி ஆகிய நான்கு நிரல்கள் போதும். பதினைந்து நிரல்களுடன் படிவம் தயாரித்தவர்கள் இரண்டாம் ஒழுங்கையோடு களைத்துப்போனதைப் பார்த்திருக்கின்றேன். கைப்பேசியின் இடங்காட்டி திறந்த வெளியில் சுமார் ஐந்து மீற்றர் வரை பிழைக்கும், தென்னைகளின் கீழ் அதைவிடக் கூடுதலாகப் பிழைக்கும். ஆகவே கம்பம் வீதியின் எந்தப் பக்கத்தில் நிற்கின்றது என்பதைக் கையால் குறித்துக்கொண்டு, மாலையில் செய்மதிப் படத்தின் மேல் வைத்துப் புள்ளியை நகர்த்துங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில், தரவு முழுவதும் ஓர் உத்தியோகத்தரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் இருந்தது. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபோது கடவுச்சொல்லும் அவருடனேயே போயிற்று. ஈராண்டு உழைப்பை நாங்கள் மறுபடியும் தொடங்கினோம். கணக்கு சபையின் பெயரில் இருக்கட்டும்.

கேள்வி (எழுதுநர், செங்கலடி): பிரதேச செயலகப் பிரிவின் எல்லைக் கோப்பையே சபையின் எல்லையாகப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. மட்டக்களப்பு மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 14. உள்ளூராட்சி மன்றங்களோ ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் என இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள் என மொத்தம் 12. கிரானுக்குப் பிரதேச செயலகம் உண்டு, தனியான பிரதேச சபை இல்லை. வட்டார எல்லையோ இவ்விரண்டுக்கும் வேறான மூன்றாவது வகை. இணையத்தில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் செயலக, கிராம உத்தியோகத்தர் பிரிவு எல்லைகளே. சபையின் எல்லைக்கு வர்த்தமானி அறிவித்தலையே நாட வேண்டும்.

கேள்வி (மாணவி, வந்தாறுமூலை): நில அளவைத் திணைக்கள வரைபடத்திலிருந்து எடுத்த புள்ளிகளைச் செய்மதிப் படத்தின் மேல் வைத்தால் அவை வெகுதூரம் தள்ளி விழுகின்றன. என் பிழை எது?

பதில்: உங்களுடைய பிழையாக இராது, ஆள்கூற்று முறை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறை, மாறியிருக்கும். இலங்கையில் பழைய கண்டவளை முறையும் 1999 ஆம் ஆண்டின் புதிய முறையும் புழக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் மூலப்புள்ளி பீதுறுதாலகாலை மலையுச்சியே. ஆனால் பழைய முறையில் அம்மலையுச்சியின் கிழக்குத் தூரம், வடக்குத் தூரம் இரண்டுக்கும் 2,00,000 மீற்றர் என்னும் எண்ணைக் கொடுத்தார்கள், புதியதில் 5,00,000. மட்டக்களப்பு நகரம் அதற்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், நகரத்துப் புள்ளி ஒன்றின் கிழக்குத் தூரம் மூன்று இலட்சத்தை ஒட்டியிருந்தால் அது பழைய முறை, ஆறு இலட்சத்தை ஒட்டியிருந்தால் புதியது. மென்பொருளில் முறையே 5234, 5235 என்னும் குறியீடுகளைத் தெரிவுசெய்யுங்கள். கைப்பேசி தருவது அகலக்கோடும் நெடுங்கோடும், அதன் குறியீடு 4326. இம்மூன்றையும் ஒரே கோப்பில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

கேள்வி (ஊர் அமைப்பு உறுப்பினர், களுவாஞ்சிக்குடி): கூகுள் மேப்ஸைப் பார்த்து எமது வீதிகளை வரைந்து பொதுத் தரவாக வெளியிடலாமா?

பதில்: முடியாது, உரிமம் இடந்தராது. வீதியில் நடந்து பதியுங்கள், அல்லது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அனுமதி பெற்றுள்ள செய்மதிப் படங்களின் மேல் வரையுங்கள்.

கேள்வி (மாணவர், ஒலுவில்): எமது பல்கலைக்கழக வளாகத்துக்கு வரைபடம் செய்ய விரும்புகின்றோம். கட்டடங்களை வரைந்தாயிற்று. அடுத்து என்ன?

பதில்: கட்டடத்தின் வாசல். வெளியூரிலிருந்து முதன்முறையாக வரும் பெற்றோர் ஒருவர் பீடத்தின் பின்சுவரைச் சென்றடைந்து பயனில்லை அல்லவா? எனவே ஒவ்வொரு வாசலையும் தனிப் புள்ளியாகக் குறித்து, படிகள் எத்தனை, சாய்தளம் உண்டா, இரவில் பூட்டப்படுமா என்பவற்றைச் சேருங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு, நூலகத்துக்குச் செல்லும் நிழலான நடைபாதையில் உள்ள ஓர் ஒற்றைப் படி முழு வழியையும் அடைத்துவிடும், அந்தப் படியோ எந்த வானப் படத்திலும் தெரியாது. அறை இலக்கங்களையும் மாடி எண்களையும் வரைபடத்தில் திணிக்காமல் தனி அட்டவணையில் வைத்து, கட்டட இலக்கத்தால் இணைத்தால் விரிவுரை மண்டபம் மாறும்போது அட்டவணையை மட்டும் திருத்தலாம். ட்ரோன் பறக்கவிடுவதாயின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவைக் கொண்டு வடிகான் திட்டமிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2000 ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுக்கப்பட்ட அத்தரவில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 30 மீற்றர், உயரப் பிழையோ பல மீற்றர். அத்துடன் அந்த ராடார் பல இடங்களில் தரையை அன்றித் தென்னை ஓலைகளையும் கூரைகளையுமே அளந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட உங்கள் மண்ணில் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சில சென்ரிமீற்றர்களே தீர்மானிக்கின்றன. மட்டமானியால் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. மழை வெள்ளம் எந்தப் படலை வரை வந்தது என்று அயலவரிடம் கேட்டுக் குறிப்பதும் நல்ல தரவே.

கேள்வி (அக்கரைப்பற்று): வேலித் தகராறுக்கு இவ்வரைபடங்கள் சான்றாகுமா?

பதில்: ஆகா. அதற்குப் பதிவுபெற்ற நில அளவையாளரின் வரைபடம் வேண்டும்.

கேள்வி (வருமானப் பரிசோதகர்): சோலைவரி இடாப்பை வரைபடமாக வெளியிடும்படி கேட்கின்றார்கள். தயக்கமாக உள்ளது.

பதில்: தயக்கம் நியாயமானது. வளவின் வடிவம், சொத்து இலக்கம், வீதிப் பெயர் ஆகியவற்றை வெளியிடலாம். உரிமையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிலுவை ஆகியவற்றை உள் கோப்பிலேயே வைத்திருங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத்திற்கொள்ளுங்கள். மறுபுறம், வீதிகளின் பட்டியலையும் மதகுகளின் நிலையையும் இரகசியம் என்று மறைப்பதற்குக் காரணம் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பிரசை எவரும் விண்ணப்பிக்கலாம், தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பிக்க விரும்பும் வாசகர்களே, விண்ணப்பத்தில் ‘அச்சுப்பிரதி அன்றி, எண்ணிமக் கோப்பாக’ என்று எழுத மறவாதீர்கள்.

கேள்வி (ஆசிரியர், வாழைச்சேனை): வீதிப் பெயர்களைத் தமிழில் இட்டால் புரியாத எழுத்துகளாக மாறுகின்றனவே?

பதில்: பழைய கோப்புகளில் பெயர்களை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார்கள், அவற்றை முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்ற வேண்டும். அடுத்த இடர், ஷேப்ஃபைல் என்னும் கோப்பு வகை. அதில் நிரலின் தலைப்புக்குப் பத்து பைட்டுகளே இடம். ஒருங்குறியின் யுடிஎப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பிடிப்பதால், ‘பெயர்’ என்ற சொல்லே பதினைந்து பைட்டுகளாகிவிடும். ஜியோபக்கேஜ் வகையில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (மீனவர் சங்கச் செயலாளர், பாலமீன்மடு): வரைபடத்தில் முகத்துவாரம் திறந்திருக்கின்றது, நேரில் மணல்மேடு அடைத்துக் கிடக்கின்றது. எதை வரைவது?

பதில்: இரண்டையும் வரையுங்கள். முகத்துவாரம் மாரியில் வெட்டப்பட்டும் கோடையில் மூடியும் இடம்பெயர்வது, ஒற்றைக் கோட்டுக்குள் அடங்காது. சென்ரினல்-2 செய்மதி ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை 10 மீற்றர் துல்லியத்தில் படம் தருகின்றது, மாரி மாதங்களில் முகில் மறைத்தால் ராடார் கொண்ட சென்ரினல்-1 இருக்கின்றது. மாதம் ஒரு கோடு வரைந்து, ஒவ்வொன்றிலும் படம் எடுக்கப்பட்ட திகதியைப் பதியுங்கள். உங்கள் சங்கத்தவர்கள் வெட்டுவாய் திறந்த நாளைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தால் அதன் ஒளிப்படத்தை எனக்கு அனுப்புங்கள், அந்தத் திகதிகளையும் கோடுகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்போம்.