தண்ணீருக்குள் குளுக்கோஸைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடிக்கும் செயற்கை மூலக்கூறுகளைச் செய்திருக்கிறார்களாமே, அதில் அப்படியென்ன கஷ்டம்?

பதில்: கஷ்டமே தண்ணீர்தான். குளுக்கோஸைச் சுற்றி ஹைட்ராக்ஸில் தொகுதிகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH ஜோடிகள். தண்ணீரும் ஏறக்குறைய அதே வகையறா என்பதால், குளுக்கோஸைப் பிடிக்க வேண்டிய ஏற்பி மூலக்கூறு கை நீட்டினால் முதலில் வந்து ஒட்டிக்கொள்வது தண்ணீர்தான். மூலக்கூறுகளை எண்ணும் அலகான மோலில் சொன்னால், ரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5 மில்லிமோல் (மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல்) அளவில் இருக்கிறது, தண்ணீரோ 55 மோல் என்ற கணக்கு, ஆக ஒரு குளுக்கோஸுக்குப் போட்டியாக ஏறக்குறைய பத்தாயிரம் தண்ணீர்!

2019-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அந்தோணி டேவிஸ் குழு வெளியிட்ட கூண்டு வடிவ ஏற்பி இதை அழகாகச் சமாளிக்கிறது. குளுக்கோஸின் ஒரு வடிவமான பீட்டா குளுக்கோஸ் வளையத்தில் ஹைட்ராக்ஸில்கள் எல்லாம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், மேலும் கீழும் வெறும் கார்பன்-ஹைட்ரஜன்தான். அதற்கேற்ப இந்தக் கூண்டுக்குத் தளமும் கூரையும் தண்ணீரோடு ஒட்டாத பென்சீன் வளையங்கள், பக்கத் தூண்களில் ஹைட்ராக்ஸில்களை ஹைட்ரஜன் வழியாக இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்புக்கு யூரியா தொகுதிகள். காலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையில் ஒரே ஒரு ஹைட்ராக்ஸில் திசைமாறி நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம், அதுவே சரியாகப் பொருந்தாது.

இப்படி ஒரு மூலக்கூறை இன்னொரு மூலக்கூறு பிடிப்பது ஆய்வகத்தோடு முடிகிற சமாச்சாரமா என்றால், இல்லை. குளுக்கோஸுக்குப் பதில் ஒரு மருந்தைப் பிடிப்பதும் உண்டு. அறுவை சிகிச்சைக்காகத் தசைகளைத் தளர்த்தும் ரோக்குரோனியம் மருந்தை முறிக்க சுகமாடெக்ஸ் என்று ஒன்று தருகிறார்கள். எட்டு சர்க்கரை அலகுகளாலான வளையம் அது. ரத்தத்திலேயே அந்த மருந்தை விழுங்கிக்கொண்டு சிறுநீரில் வெளியேறிவிடும், தசைகள் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பும்.