கேஸ் கடைமேலா, கடைக்காரர்மேலா?

கேள்வி: மாடுலர் கிச்சன் போட ஒரு கடையில் 1.80 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். வேலை நடக்கவில்லை, கடையும் மூடிவிட்டது. நெருக்கியதும் முழுத் தொகைக்கும் செக் கொடுத்தார். மூன்று வாரத்துக்கு முன் அது பவுன்ஸ் ஆகிவிட்டது. ‘அது கம்பெனி கடன், என்மேல் கேஸ் நிற்காது’ என்கிறார். கமிஷனுக்கு வசூலித்துத் தருவதாக ஒருவர் அந்த செக்கைக் கேட்கிறார். கொடுக்கலாமா? – தாம்பரம் வாசகி

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். ‘பேசிக்கிட்டு இருக்கேன் மேடம்’ என்று இழுத்தே உங்கள் கெடுவைத் தீர்த்துவிடுவார். கோர்ட் வாசலில் இப்படிப்பட்டவர்களுக்குக் குறைச்சலே இல்லை. செக் திரும்பியதற்கு பேங்க் தரும் சீட்டு (ரிட்டர்ன் மெமோ) கைக்கு வந்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு கடைக்காரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். மூன்று வாரம் போய்விட்டது, நாளைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு.

அடுத்து, கடைக்காரர் சொல்கிற ‘கம்பெனி’ கம்பெனிதானா? நம் ஊரில் போர்டு மாட்டி ரப்பர் ஸ்டாம்ப் செய்துவிட்டால் எல்லாரும் கம்பெனிதான். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால் அதில் ஆறாவதாக வரும் எழுத்தைப் பாருங்கள். ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் பார்ட்னர்ஷிப், ‘சி’ என்றால்தான் பதிவான கம்பெனி.

‘பி’ என்றால் கடை வேறு, அவர் வேறு என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைக் கடன் அவர் கடன். சொந்த வீடு வரைக்கும் ஜப்தி வரலாம். பார்ட்னர்ஷிப்பிலும் எந்தப் பார்ட்னரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். மனுவில் கடைப் பெயரோடு நிறுத்தாமல் உரிமையாளர் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதுங்கள். பூட்டிய கடைக்குப் போன நோட்டீஸ் திரும்பி வருவதற்குள் இரண்டு வாய்தா ஓடிவிடும்.

‘சி’ என்றால் கடன் கம்பெனியுடையது. டைரக்டரின் சொத்தைத் தொட முடியாது.

ஆனால் செக் விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. இதை நிதானமாகப் படியுங்கள், பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். செக்கில் கையெழுத்துக்கு மேலே ‘ஃபார்’ என்று போட்டு கம்பெனி பெயர் அச்சாகியிருக்கிறதா? அப்படியானால் அது கம்பெனி கணக்கு. அப்போதும் கையெழுத்துப் போட்ட டைரக்டர்மேல் கிரிமினல் கேஸ் வரும். ஆனால் கம்பெனியையும் எதிரியாகச் சேர்த்தாக வேண்டும். கம்பெனியை விட்டுவிட்டு ஆள்மேல் மட்டும் போட்டால் வழக்கு நிற்காது என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நோட்டீஸும் இரண்டு பெயருக்கும் போகட்டும். கம்பெனி பெயர் இல்லாமல் அவருடைய சொந்தக் கணக்கு செக்காக இருந்தால், அவர்மேல் மட்டும் போட்டாலே போதும்.

இதோடு செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுங்கள். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். கேட்கிறவருக்கெல்லாம் வாய்தா கொடுத்தால் எங்கே முடியும்? உத்தரவு வந்தும் பணம் தராமல் இழுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் மனு போடுங்கள். ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு. பல பேருக்கு அந்த மனுவைப் போட்ட பிறகுதான் பணமே கைக்கு வருகிறது.